நாள் பார்த்து மாற்ற வேண்டாம்

கடவுச்சொல்லை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்? என்னிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி இதுதான். கேட்பவர்கள் ஒரு கணக்கை எதிர்பார்த்தே கேட்கிறார்கள். வண்டிக்கு ஆயில் மாற்ற இத்தனை கிலோமீட்டர் என்று இருப்பதுபோல இதற்கும் ஒன்று இருக்கும் என்பது அவர்கள் நினைப்பு. அப்படி ஒரு கணக்கு வேண்டாம் என்பதே இந்த அத்தியாயத்தில் நான் சொல்லப்போவது. மாற்றுவதற்குக் காரணம் ஒன்று வந்தால் அன்று இரவுக்குள் மாற்றிவிடுங்கள். வராதவரை நல்ல கடவுச்சொல்லைத் தொடாதீர்கள்.

இதை நானே நம்புவதற்குப் பல ஆண்டுகள் ஆயின. முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் 45 நாளுக்கு ஒருமுறை கணினி புதிய கடவுச்சொல் கேட்கும். கொடுக்காவிட்டால் உள்ளே விடாது. வேலை தலைக்கு மேல் கிடக்கும் காலை நேரத்தில்தான் அந்த அறிவிப்பு வரும். என் ஊர்ப் பெயரை வைத்து அதன் பின்னால் ஓர் எண் போட்டேன். அடுத்த முறை எண்ணில் ஒன்று கூட்டினேன். பக்கத்து இருக்கைக்காரர் மகள் பெயரையும் மாதத்தையும் சேர்த்து வைத்திருந்தார். விடுப்பில் இருப்பவரின் கணினியில் ஒரு கோப்பு தேவைப்பட்டால் போன் போட்டு, "சார், இப்ப எத்தனாவது நம்பர்ல இருக்கீங்க?" என்று கேட்போம். சொல் எல்லோருக்கும் தெரியும். எண்ணைத்தான் கேட்க வேண்டியிருந்தது. நான் அங்கிருந்து கிளம்பியபோது என் எண் 31. அத்தனை தடவை மாற்றியும் என்னிடம் இருந்தது ஒரே கடவுச்சொல்தான்.

அந்த விதி எங்கிருந்து வந்தது என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன். அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பு ஒன்று உண்டு, நிஸ்ட் என்பார்கள். அங்கே பணியாற்றிய பில் பர் 2003இல் ஒரு வழிகாட்டு ஆவணத்தின் பின்னிணைப்பில், பெரிய எழுத்து, எண், குறியீடு எல்லாம் கலந்து வைக்க வேண்டும், அவ்வப்போது மாற்ற வேண்டும் என்ற வகையில் எழுதினார். உலகம் முழுக்க அலுவலகங்களும் வங்கிகளும் அதையே பிடித்துக்கொண்டன. 2017இல், ஓய்வுபெற்ற பிறகு, அதில் பெரும்பகுதியை எழுதியதற்காக வருந்துவதாக அவரே ஒரு நாளிதழிடம் வெளிப்படையாகச் சொன்னார். தான் எழுதியது தவறு என்று பொதுவில் ஒப்புக்கொள்ளும் அதிகாரிகள் அரிது. அந்த மனிதர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

அவர் வருந்துவதற்கு முன்பே ஆதாரம் வந்திருந்தது. வட கரோலைனா பல்கலைக்கழகத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டாயம் மாற்ற வேண்டும் என்ற விதி இருந்தது. அங்கிருந்து போய்விட்டவர்களின் பழைய கணக்குகளில் 7,700க்கு மேற்பட்டவற்றை எடுத்து, ஒருவர் அடுத்தடுத்து வைத்த கடவுச்சொற்களை ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். 2010இல் வெளியான முடிவு இது: பழைய கடவுச்சொல் தெரிந்தால், 17 சதவீதக் கணக்குகளில் ஐந்து முயற்சிக்குள் புதியதைக் கண்டுபிடித்துவிட முடிந்தது. திருடிய கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு கணினியால் முயன்றால், புதிய கடவுச்சொற்களில் 41 சதவீதம் மூன்று விநாடிக்குள் உடைந்தன. எண்ணைக் கூட்டுவது, கடைசி எழுத்தை மாற்றுவது, ஆச்சரியக்குறியை முன்னால் கொண்டுபோவது என்று பலரும் ஒரே மாதிரி செய்திருந்தார்கள். 2017இல் நிஸ்ட் தன் ஆவணத்தைத் திருத்தி, காரணமில்லாமல் காலக்கெடு வைத்து மாற்றச் சொல்லாதீர்கள் என்றது. மைக்ரோசாஃப்ட் 2019இல் விண்டோஸுக்கான தன் பாதுகாப்புப் பரிந்துரையிலிருந்து காலாவதி விதியை நீக்கியது. 2025இல் வந்த நிஸ்ட் பதிப்பு இன்னும் கண்டிப்பாக, அப்படிக் கட்டாயப்படுத்தவே கூடாது என்கிறது.

உங்கள் அலுவலகம் இன்னும் பழைய விதியிலேயே இருந்தால் அவர்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஒவ்வொரு முறையும் முற்றிலும் புதிதாக ஒன்றை எடுங்கள். எப்படி எடுப்பது என்று கீழே வருகிறது.

திருடன் யூகிப்பதில்லை

யாரோ ஒருவர் இரவில் உட்கார்ந்து நம் பிறந்த தேதியைப் போட்டுப் பார்க்கிறார் என்றுதான் பலர் கற்பனை செய்கிறார்கள். அப்படிச் செய்பவர்களும் உண்டு. அவர்கள் பெரும்பாலும் நமக்குத் தெரிந்தவர்களாகவே இருப்பார்கள். தெரியாத திருடன் வேறு மாதிரி வேலை செய்கிறான். ஏதோ ஒரு தளத்திலிருந்து வெளியேறிய பட்டியல் அவன் கையில் இருக்கிறது. அதில் உங்கள் மின்னஞ்சலும் அந்தத் தளத்தில் நீங்கள் வைத்த கடவுச்சொல்லும் இருக்கின்றன. அதே இணையை நூறு வேறு தளங்களில் கணினியைக் கொண்டு போட்டுப் பார்க்கிறான். ஒரு வீட்டில் எடுத்த சாவியைத் தெரு முழுக்கப் போட்டுப் பார்ப்பது போலத்தான்.

அந்தப் பட்டியல்கள் சிறியவை அல்ல. 2009இல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3.2 கோடி கடவுச்சொற்கள் வெளியேறின. எந்த மறைப்பும் இல்லாமல் அப்படியே எழுதி வைத்திருந்தார்கள். யாஹூவில் 2013இல் நடந்த திருட்டு 2016இல்தான் வெளியே தெரிந்தது. அது 300 கோடிக் கணக்குகளையும் தொட்டது என்று ஒப்புக்கொள்ள இன்னும் ஓராண்டு ஆனது. டிராப்பாக்ஸில் 2012இல் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஊழியர் ஒருவரின் கணக்குக்குள் வெளியாட்கள் நுழைந்தார்கள். அவர்கள் கையில் இருந்தது வேறொரு தளத்திலிருந்து திருடுபோன கடவுச்சொல். தொழில்நுட்பம் தெரிந்தவர்களே இரண்டு இடத்தில் ஒன்றை வைக்கிறார்கள்.

யாஹூ கதையைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். திருட்டு நடந்து மூன்று ஆண்டு கழித்துத்தான் தெரிகிறது என்றால், மாதம் ஒருமுறை அந்த ஒரே சொல்லில் எண்ணைக் கூட்டிக்கொண்டிருந்தவருக்கு என்ன பயன்? ஒவ்வொரு தளத்துக்கும் தனிக் கடவுச்சொல் வைத்திருந்தவருக்கு யாஹூவில் போனது யாஹூவோடு போயிற்று. இந்த ஒரு பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இந்தப் புத்தகத்தை மூடிவிட்டாலும் எனக்குச் சம்மதம்.

மாற்ற வேண்டிய நேரங்கள்

ஒரு தளம் தன்னிடம் திருட்டு நடந்ததாக அறிவித்தால் உடனே மாற்ற வேண்டும். அறிவிப்புக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டிராய் ஹன்ட் 2013இல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளத்தில் உங்கள் மின்னஞ்சலைக் கொடுத்தால், அது எந்தெந்தத் திருட்டில் சிக்கியிருக்கிறது என்று காட்டும். குரோமும் ஐபோனும் தாங்கள் சேமித்து வைத்திருக்கும் கடவுச்சொற்களைத் தாமாகவே இப்படிச் சோதித்து எச்சரிக்கின்றன. அந்தச் சிவப்பு எச்சரிக்கையைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள்.

போலி இணைப்பைத் தட்டிக் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டோமோ என்ற சந்தேகம், போன் தொலைந்துபோனது, வேலையை விட்டது, பிரிந்துபோன துணைக்கு நம் கடவுச்சொல் தெரியும் என்ற நிலை, இவையெல்லாம் காரணங்களே. சிம்மைக் கைவிடுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். துண்டிக்கப்பட்ட எண் 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கப்படலாம். உங்கள் ஜிமெயிலில் மீட்பு எண்ணாக அது இன்னும் இருந்தால், ஓடிபி அந்த முகம் தெரியாதவருக்குப் போகும். பழைய சிம்மை விடுவதற்கு முன்பே எல்லாக் கணக்கிலும் எண்ணை மாற்றிவிடுங்கள்.

நம் ஊரில் இன்னொரு காரணம் இருக்கிறது. வெளிநாட்டு வழிகாட்டிகள் எதிலும் இதை நான் பார்த்ததில்லை. பிரவுசிங் சென்டர். பொறியியல் கலந்தாய்வு, டிஎன்பிஎஸ்சி ஒருமுறைப் பதிவு, உதவித்தொகை, பாஸ்போர்ட் என்று எல்லாவற்றுக்கும் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள ஜெராக்ஸ் கடைக்குத்தான் போகிறோம். மின்னஞ்சல் இல்லாதவர்களுக்குக் கடைக்காரரே ஒன்றை உருவாக்கிக் கொடுக்கிறார். கடவுச்சொல்லையும் அவரே வைக்கிறார்: பெயர், ஒரு குறியீடு, ஒன்று இரண்டு மூன்று. எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே அச்சு. சில சமயம் அவசரத்துக்குத் தன் மொபைல் எண்ணையே கொடுத்துவிடுகிறார்.

என் அண்ணன் மகளுக்கு அப்படித்தான் ஆயிற்று. கலந்தாய்வில் விருப்பக் கல்லூரிகளைப் பதியும் வாரத்தில் உள்ளே நுழைய முடியவில்லை. மீட்பு ஓடிபி போனது கடைக்காரர் எண்ணுக்கு; கடையோ பூட்டியிருந்தது, ஊரில் துக்கம் என்று போயிருந்தார். இரண்டு நாள் அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் போனை எடுத்தார். "அண்ணா, ஒரு நம்பர் வந்திருக்கும், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்" என்று அவள் அழுகையை அடக்கிக்கொண்டு கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. அவர் நல்ல மனிதர், பார்த்துச் சொன்னார். ஆனால் ஒரு பெண்ணின் படிப்பு இன்னொருவரின் நல்ல குணத்தில் தொங்கக் கூடாது.

ஆகவே கடையில் உருவாக்கிய எந்தக் கணக்கானாலும், வீட்டுக்கு வந்ததும் உங்கள் போனிலிருந்து கடவுச்சொல்லை மாற்றுங்கள். மீட்பு எண் உங்களுடையதுதானா என்று பாருங்கள். விண்ணப்ப எண்ணும் கடவுச்சொல்லும் அச்சிட்ட தாளைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்.

எந்த வரிசையில் மாற்றுவது

முதலில் மின்னஞ்சல், எப்போதும். மற்ற கணக்குகளில் பெரும்பாலானவை 'கடவுச்சொல் மறந்துவிட்டதா?' என்று தட்டினால் மின்னஞ்சலுக்குத்தான் இணைப்பை அனுப்பும். வங்கியை மாற்றிவிட்டு மின்னஞ்சலை விட்டுவைப்பது, கொல்லைக் கதவைத் திறந்து போட்டு வாசலைப் பூட்டுவது. அடுத்து வங்கி, பிறகு மற்றவை.

உங்களுக்கு வந்த எச்சரிக்கைச் செய்தியிலுள்ள இணைப்பைத் தட்டி மாற்றாதீர்கள். முகவரியை நீங்களே தட்டச்சிட்டோ செயலிக்குள் போயோ மாற்றுங்கள். 'உங்கள் கணக்கு ஆபத்தில் உள்ளது' என்று வரும் செய்திகளில் பல, அந்தக் கணக்கைத் திருடுவதற்காகவே அனுப்பப்படுபவை.

கடவுச்சொல்லை மாற்றியதும் வேலை முடிந்ததாக நினைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை. உள்ளே வந்தவன் வெறுமனே போயிருக்க மாட்டான். ஜிமெயில் அமைப்புகளில் 'ஃபார்வர்டிங்' பகுதிக்குப் போய், உங்கள் கடிதங்கள் வேறு முகவரிக்குப் போகின்றனவா என்று பாருங்கள். அடுத்து 'ஃபில்டர்ஸ்', வங்கியிலிருந்து வரும் கடிதத்தைக் கண்ணில் படாமல் ஒதுக்கிவைக்கச் சொல்லும் வடிகட்டி ஒன்றை அவன் வைத்திருக்கலாம். மீட்பு மின்னஞ்சல், மீட்பு எண் இரண்டையும் பாருங்கள். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் 'உங்கள் சாதனங்கள்' என்ற பட்டியலில் தெரியாத சாதனம் இருந்தால் வெளியேற்றுங்கள். கணக்கோடு இணைத்த பிற செயலிகளில் வேண்டாதவற்றை நீக்குங்கள். வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற இடத்தையும் திறந்து பாருங்கள். அதே சாக்கில் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி ஆறு இலக்கப் பின் ஒன்றை வையுங்கள்.

பணம் போயிருந்தால் இதையெல்லாம் செய்துகொண்டு நேரத்தை விடாதீர்கள். முதலில் வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் அழையுங்கள். திருடுபோன பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் தடுத்து நிறுத்தத்தான் அந்த எண் இருக்கிறது; ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

நல்ல சொல்லுக்கு நான்கைந்து ரூபாய் நோட்டு

இ-ஆதார் கோப்பைத் திறக்கப் பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும் போட வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். வருமானவரி ஒப்புகைக்கு பான் எண்ணும் பிறந்த தேதியும். இவை எல்லோருக்கும் தெரிந்த சூத்திரங்கள். கோப்பை மேலோட்டமாக மூடிவைக்க மட்டுமே உதவும். கேடு என்னவென்றால், கடவுச்சொல் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று இவை மக்களைப் பழக்கிவிட்டன. பெயரும் ஆண்டும் சேர்ந்த கடவுச்சொல்லை வங்கிக்கும் வைத்திருக்கும் ஆசிரியர்களை, அரசு ஊழியர்களை நான் சந்தித்திருக்கிறேன்.

நீளமே பலம். புரியாத குறியீடுகளைவிட, ஒன்றோடொன்று தொடர்பில்லாத சில சொற்களை வரிசையாக வைப்பது நினைவில் நிற்கும், உடைக்கவும் கடினம். ஆனால் சொற்களை நீங்கள் தேர்ந்தெடுக்கக் கூடாது. மனம் தேர்ந்தெடுத்தால் முருகனும் அம்மாவும் மல்லிகையும் வந்துவிடுவார்கள். பாட்டு வரி, குறள், சினிமா வசனம் கூடவே கூடாது. அவையெல்லாம் திருடர்களின் பட்டியலில் ஏற்கெனவே இருக்கின்றன. அமெரிக்காவில் ஆர்னால்ட் ரெய்ன்ஹோல்ட் 1995இல் ஒரு வழி சொன்னார்: ஐந்து முறை பகடை உருட்டி, 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து ஒரு சொல்லை எடுப்பது. அந்த யோசனையை எங்கள் வீட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டேன். நல்ல தமிழ் அகராதி ஒன்றை எடுங்கள். மணிபர்ஸிலிருந்து ஒரு ரூபாய் நோட்டை உருவி, அதன் வரிசை எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தைப் பாருங்கள். 417 என்றால் 417ஆம் பக்கத்தின் முதல் சொல். அவ்வளவு பக்கம் இல்லையென்றால் அடுத்த நோட்டு. ஏடிஎம்மில் எடுத்த புதுக் கட்டு வேண்டாம், எண்கள் அடுத்தடுத்து வரும். கைமாறிப் பழகிய நோட்டுகளே நல்லது. ஆயிரம் பக்க அகராதியில் நான்கு சொல் எடுத்தால் ஒரு லட்சம் கோடி வாய்ப்புகள். ஐந்தாவது சொல் அதை ஆயிரம் மடங்காக்கும். மின்னஞ்சலுக்கு ஐந்து எடுங்கள்.

இந்தச் சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள், தமிழ் எழுத்தில் வேண்டாம். மொழிப்பற்று குறைந்து சொல்லவில்லை. பல தளங்கள் தமிழ் எழுத்தை ஏற்பதில்லை. ஏற்றாலும் சிக்கல் உண்டு: 'கொ' என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் கணினிக்கு வேறு வேறாக இருக்கலாம். வீட்டுப் போனில் வைத்தது வேறு கணினியில் திறக்காமல் போகலாம். ஆங்கில எழுத்திலும் ஒரு முடிவு எடுக்க வேண்டும். ழகரத்துக்கு இசட்-எச் போடுபவர் உண்டு, வெறும் எல் போடுபவரும் உண்டு. தகரமும் டகரமும் அப்படியே. உங்கள் வழக்கம் எதுவோ அதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுத்து எழுத்தாக எழுதிவையுங்கள்.

'நீங்கள் பிறந்த ஊர்', 'முதலில் படித்த பள்ளி' போன்ற பாதுகாப்புக் கேள்விகளுக்கு உண்மையைச் சொல்லாதீர்கள். அந்தப் பதில் உங்கள் ஊர் முழுக்கத் தெரியும். நோட்டு எடுத்து இன்னொரு சொல்லைப் பதிலாக வையுங்கள்.

எங்கே வைப்பது

முப்பது கணக்குக்கு முப்பது கடவுச்சொல்லை யாரும் மனத்தில் வைத்திருக்க முடியாது. முயலவும் வேண்டாம். மனத்தில் இருக்க வேண்டியவை இரண்டோ மூன்றோதான். மற்றவற்றுக்குப் பாஸ்வேர்டு மேனேஜர் இருக்கிறது: பிட்வார்டன், கீபாஸ், கூகுளும் ஆப்பிளும் போனிலேயே தருபவை. அவை தளத்துக்குத் தளம் புதிய கடவுச்சொல்லைத் தாமே உருவாக்கி, தாமே நிரப்பும். கவனிக்கப்படாத ஒரு நன்மையும் உண்டு. போலித் தளத்தில் அவை நிரப்ப மறுக்கும். முகவரியில் ஓர் எழுத்து மாறியிருப்பது நம் கண்ணுக்குத் தப்பினாலும் அவற்றுக்குத் தப்பாது. வழக்கமாக நிரப்பும் இடத்தில் நிரப்பவில்லை என்றால் கையால் தட்டாதீர்கள், நின்று முகவரியைப் பாருங்கள்.

மேனேஜர் வேண்டாம் என்பவர்கள் நோட்டுப் புத்தகத்தில் எழுதலாம். இதைச் சொன்னதும் பலர் முகம் சுளிக்கிறார்கள். குறியாக்க அறிஞர் புரூஸ் ஷ்னையர் 2005இலேயே எழுதி மணிபர்ஸில் வைத்துக்கொள்ளச் சொன்னார். சிறிய தாள்களைப் பத்திரமாக வைத்திருக்க நமக்கு நன்றாகவே தெரியும் என்பது அவர் வாதம். பீரோவில் வீட்டுப் பத்திரமும் நகையும் இருக்கும் இடத்தில் அந்த நோட்டும் இருக்கட்டும். ரஷ்யாவில் உட்கார்ந்திருப்பவன் உங்கள் பீரோவைத் திறக்க முடியாது. போனில் படம் எடுத்து வைப்பது, வாட்ஸ்அப்பில் தனக்குத் தானே அனுப்பிக்கொள்வது, நாட்காட்டியின் பின்பக்கம் எழுதுவது, இவை மூன்றும் வேண்டாம். யுபிஐ பின்னையும் ஏடிஎம் பின்னையும் எந்த நோட்டிலும் எழுதாதீர்கள்.

சில தளங்கள் இப்போது 'பாஸ்கீ' வேண்டுமா என்று கேட்கின்றன. கேட்டால் சரி என்று சொல்லுங்கள். போனைத் திறக்கும் கைரேகையாலேயே உள்ளே போகலாம். திருடுவதற்குக் கடவுச்சொல் என்று ஒன்றே அங்கே இல்லை. ஓடிபியும் நல்லதே. வசதியிருந்தால் எஸ்எம்எஸ்ஸைவிட ஆதென்டிகேட்டர் செயலியில் வருவது மேல்.

பலர் தள்ளிப்போடும் வேலை ஒன்று மிச்சம் இருக்கிறது. வீட்டில் ஒருவர் திடீரென்று இறந்துபோனால், அவருடைய மின்னஞ்சல் திறக்காமல் இன்ஷூரன்ஸ் விவரமோ படங்களோ கிடைக்காமல் குடும்பம் அலைவதைப் பார்த்திருக்கிறேன். கூகுளில் 'இன்ஆக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர்' என்ற வசதி 2013 முதல் இருக்கிறது. நீங்கள் சொல்லும் காலம் வரை கணக்கு அசையாமல் கிடந்தால், நீங்கள் குறிப்பிட்ட ஆளுக்குத் தகவலும், விரும்பினால் உள்ளே இருப்பவையும் போகும். ஐபோனில் 'லெகசி கான்டாக்ட்' என்று இருக்கிறது. இரண்டையும் அமைக்கப் பத்து நிமிடம் போதும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் இதற்கெல்லாம் உட்காருங்கள். முதலில் ஐந்து நோட்டை எடுத்து மின்னஞ்சலுக்குப் புதிய கடவுச்சொல் வையுங்கள். ஃபார்வர்டிங், ஃபில்டர், மீட்பு எண் மூன்றையும் பாருங்கள். பிறகு வங்கி. மற்ற கணக்குகளை ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. அடுத்த முறை எந்தத் தளத்துக்குள் போகிறீர்களோ அன்று அதை மாற்றினால் போதும். எழுந்திருப்பதற்கு முன், கடவுச்சொல் எழுதிய நோட்டுப் புத்தகம் எந்தத் தட்டில் இருக்கிறது என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள்.